போகும்போது மட்டும் எடுக்கும் இரத்தம்

மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிற ஒருவரின் உடம்பை ஒரு காலைப்பொழுதுக்குள் அலசிப் பார்த்துவிடுகிறார்கள். காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சுக்கு எக்ஸ்ரே. இரத்தத்தில் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி. சிறுநீர். பெண் என்றால் கர்ப்பச் சோதனை. பிரஷர், சீனி, கண். எல்லாம் சரியென்றால் 'ஃபிட்'. ஒன்றில் தவறினால் 'அன்ஃபிட்'. ஏஜென்சிக்குக் கட்டிய காசும் போச்சு, அதற்காக ஈடு வைத்த நகையும் போச்சு. மருதானைப் பக்கம் ஏஜென்சி வாசல்களில் நிற்கிற சனத்தின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அந்த ஒரு தாளில் என்னென்ன தொங்குகிறதென்று.

இந்தச் சோதனை போகிற நாட்டுக்காகச் செய்யப்படுவது. இங்கிருந்து ஒரு தொற்று அங்கே போய்ச் சேரக்கூடாது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை, எந்த நாடும் அப்படித்தான் பார்க்கும். எனக்குள்ள கேள்வி வேறு. பத்துப் பதினைந்து வருசம் எண்ணெய்க் கிணற்றடியில் நின்றுவிட்டுக் கட்டுநாயக்கவில் வந்து இறங்குகிற அதே மனிதரை, "அண்ணை, ஒருக்கால் வாங்கோ, அங்கேயிருந்து உடம்புக்குள்ள என்னத்தைக் கொண்டு வந்தனீங்கள் எண்டு பாப்பம்" என்று யாரும் கூப்பிடுவதில்லை. டியூட்டி ஃப்ரீயில் டி.வி. வாங்குவார், வெளியே வான் பிடிப்பார், வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு பக்கம் மட்டும் கதவுள்ள சோதனை இது.

நான் கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊதா மூடிக் குழாய்களை மெஷினில் ஏற்றுவது, மெஷின் சந்தேகப்படுகிற இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. நாள் முழுக்க அதுதான். எண்ணெய் வயல் எதையும் நான் நேரில் கண்டதில்லை. அங்கே வேலை செய்துவிட்டு வந்தவர்களின் இரத்தத்தைத்தான் கண்டிருக்கிறேன். அதில் ஒன்று என் சித்தப்பாவினுடையது.

சித்தப்பா 1992 இல் முதல் தடவை குவைத்துக்குப் போனார். அதற்கு முந்திய வருசம்தான் ஈராக் படை பின்வாங்கும்போது அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தது. கடைசிக் கிணற்றை மூடி முடிக்க 1991 நவம்பர் ஆகிவிட்டது. எரியாமல் பீறிட்ட எண்ணெய் பாலைவனத்தில் குளம் குளமாகத் தேங்கிக் கிடந்ததாம். பட்டப்பகலில் வானம் கறுத்துக் கிடந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டு எண்ணெய் மாசு என்றால் நம் மனதில் வருவதும் அந்தக் கறுப்புத்தான். சித்தப்பா அந்தக் கறுப்பைப் பற்றி அதிகம் பேசியதில்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும், உடுப்பைத் தோய்த்தால் தண்ணீர் கறுக்கும், அவ்வளவுதான் என்பார். கண்ணுக்குத் தெரிகிற அழுக்குக்கு மனிதன் எப்படியோ தப்ப வழி பார்த்துவிடுகிறான்.

அவர் பிறகு ஓமானுக்கு மாறினார். அங்கே செய்த வேலைகளில் ஒன்று தாங்கிக்கு டிப் எடுப்பது, அதாவது உள்ளே எண்ணெய் எவ்வளவு நிற்கிறதென்று நாடா இறக்கி அளப்பது. இதை அவர் செய்து காட்டியிருக்கிறார், எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியில், நான் கேட்டதற்காக. இரும்புப் படியில் ஏறிப் போக வேண்டும். உச்சியில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்ததும் உள்ளே அமுங்கிக் கிடந்த ஆவி 'உஸ்' என்று முகத்தில் அடிக்கும். நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை மெதுவாக இறக்குவார்கள். அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று அறிய நுனியில் ஒரு பேஸ்ட் பூசியிருக்கும், தண்ணீர் பட்டால் நிறம் மாறிவிடும். குண்டு தரையில் தட்டுகிற மெல்லிய அதிர்வு விரலுக்குத் தெரியும். தெரிந்ததும் நாடாவைச் சுருட்டி, எண்ணெய் எதுவரை நனைத்திருக்கிறதென்று பார்த்து அளவை எழுதி, கந்தலால் நாடாவைத் துடைக்க வேண்டும். கையுறை போட்டால் நாடா வழுக்கும் என்று பலர் வெறுங்கையால்தான் துடைப்பார்களாம். பிறகு ஒரு போத்தலை இறக்கி மாதிரி எடுப்பது. இரவு வேலை என்றால் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இதெல்லாம்.

"முகத்தை ஒரு பக்கமாத் திருப்பி வைச்சுக்கொண்டு செய்தா என்ன சித்தப்பா?"

"நாடாவைப் பாக்காமல் எப்படிப் பிள்ளை டிப் எடுக்கிறது? காத்து வாற பக்கம் முதுகைக் குடுத்து நிக்கச் சொல்லுவாங்கள். காத்து நாங்கள் சொல்லுறபடியே அடிக்குது?"

இந்த ஒரு வேலை எவ்வளவு ஆபத்தென்று அமெரிக்காவிலேயே பிந்தித்தான் தெரிய வந்தது. அங்குள்ள தொழில்சார் பாதுகாப்பு அமைப்புகள் இரண்டு சேர்ந்து 2016 இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டன. 2010 முதல் 2014 வரை எண்ணெய் வயல்களில் தாங்கி மூடியைத் திறந்து அளவெடுத்த, மாதிரியெடுத்த 9 பேர் செத்திருந்தார்கள். மூடியைத் திறக்கும்போது புரோப்பேன், பியூட்டேன் போன்ற ஐதரோகாபன் ஆவி ஒரே மூச்சில் நுரையீரலுக்குள் போகிறது. ஒட்சிசனுக்கு இடமில்லாமல் போவது ஒரு பக்கம். இதயத்தின் துடிப்பொழுங்கு குலைந்து போவது மறுபக்கம். விழுந்தவருக்குக் காயமில்லை, தீப்புண் இல்லை. கேஸ் முகத்தில் அடித்த கதையைச் சொல்லப் பக்கத்தில் ஆளும் இல்லை. அதனால் இப்படிப்பட்ட சாவுகளில் சில முதலில் வெறும் இதயக் கோளாறாகத்தான் எழுதப்பட்டன. கட்டுநாயக்கவுக்கு வருகிற சவப்பெட்டிகளோடு சேர்ந்து வருகிற கடதாசிகளிலும் 'மாரடைப்பு' என்ற சொல்லை நாங்கள் நிறையவே வாசித்திருக்கிறோம். அந்தச் சாவுகளெல்லாம் இதனால் என்று சொல்ல மாட்டேன். அவர் அன்று என்ன வேலையில் நின்றார் என்று யாராவது கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்தது ஐதரசன் சல்பைட்டு. வயலில் எச்டூஎஸ். இதைப் பற்றிச் சித்தப்பா சொன்ன ஒரு வசனத்தை எந்தப் பயிற்சிப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது: "பிள்ளை, மணம் வந்தாப் பயமில்லை. வந்த மணம் நிண்டாத்தான் பயம்."

கூழ்முட்டை மணம் அது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு (அதைத்தான் ஒரு பிபிஎம் என்பது) கூட வேண்டாம், அதற்குக் குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். சட்டைக் கொலரில் மாட்டுகிற சின்னக் கருவி 10 பிபிஎம் அளவில் கத்தத் தொடங்கும். 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களுக்குள் மூக்கு மரத்துவிடும், மணமே தெரியாது. கேஸ் போய்விட்டது என்று ஆள் நினைப்பார், உண்மையில் அது கூடிக்கொண்டு போகும். 700 பிபிஎம்முக்கு மேலே ஓரிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழலாம். உயிரணு ஒட்சிசனைப் பயன்படுத்துகிற கடைசிப் படியை இது பூட்டிவிடுகிறது. சயனைட்டு செய்கிறதும் அதையேதான். நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் உடம்புக்கு அது உதவாது. காற்றைவிடப் பாரமானதால் பள்ளத்திலும் தாங்கி அடியிலும் போய்த் தங்கிவிடும். ஒருவர் விழுந்ததைக் கண்டு தூக்கப் போகிறவர் பக்கத்திலேயே விழுவார். அவரைத் தூக்கப் போகிறவரும்.

இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று நினைக்கிறவர்களுக்கு: 2003 டிசம்பரில் சீனாவின் சோங்சிங் பகுதியில் ஒரு எரிவாயுக் கிணறு வெடித்து இந்தக் கேஸைக் கக்கியபோது 243 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்துச் சனம். 2019 இல் டெக்சாஸில் ஒடெசாவில், பம்பு நிலையமொன்றில் இரவில் தனியாக வேலைக்குப் போன தொழிலாளி திரும்பவில்லை என்று தேடிப்போன மனைவியும் அங்கேயே விழுந்து செத்தார். அபுதாபியில் ஷா என்றொரு வயல் இருக்கிறது. 2015 இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே நிலத்தடியிலிருந்து வரும் வாயுவில் நூற்றுக்கு 23 பங்கு ஐதரசன் சல்பைட்டு. மேலே சொன்ன 100 பிபிஎம் என்பது நூற்றுக்கு 0.01 பங்குதான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கம்பனிகள் இப்படிப்பட்ட இடங்களில் கடும் ஒழுங்கு வைத்திருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முகமூடி முகத்தோடு ஒட்டி நிற்காது என்பதற்காகத் தாடி வைக்க விடுவதில்லை. சித்தப்பா ஊருக்கு வந்தும் தினமும் விடிய எழும்பிச் சவரம் செய்வார். சித்தி அதைத் துப்புரவு என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தா.

எச்டூஎஸ்ஸில் விழுந்து எழும்பியவர்களில் சிலருக்குப் பிறகும் தலையிடி, ஞாபகமறதி, தளர்வு என்று நீடிப்பதுண்டு. ஆனாலும் அது வெளிப்படையான எதிரி. கத்துகிற கருவி இருக்கிறது, ஓடிக் கூடுவதற்கு இடம் குறித்திருக்கிறார்கள், காற்றின் திசை பார்க்கக் கொடிப்பை தொங்குகிறது. என் வேலை மேசைக்கு வந்து சேர்வது சத்தம் போடாத மற்றது.

பென்சீன். கச்சா எண்ணெயில் அது பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு, எரிவாயுவோடு வருகிற இலேசான எண்ணெயான கண்டன்சேட்டில் கூடுதலாக இருக்கும். மணம் இனிப்பாக, அருவருப்பில்லாமல் இருக்குமாம். தாங்கி மூடி, கசிகிற வால்வு, தொட்டியடிக் கசடு, எண்ணெயோடு சேர்ந்து வெளிவரும் தண்ணீர், எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். மூச்சால் போகும், தோலாலும் போகும். கல்லீரல் அதை வெளியேற்றலாம் என்று உடைக்கிறது. உடைத்த துண்டுகள்தான் என்பு மச்சைக்குப் போய்க் கெடுதல் செய்கின்றன. இரத்தம் பிறக்கிற இடமே அதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியில்லை. 1897 இலேயே சுவீடனில் சைக்கிள் டயர் செய்த இளம் பெண்களுக்கு மச்சை வற்றிப்போன கதை மருத்துவ ஏட்டில் பதிவாகிவிட்டது. 1948 இல் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம், அதாவது எண்ணெய்க் கம்பனிகளின் சொந்தச் சங்கம், பென்சீனுக்கு முற்றாகப் பாதுகாப்பான அளவு பூச்சியம் மட்டும்தான் என்று தன் மீளாய்வில் எழுதி வைத்தது. அப்படி எழுதியவர்களின் நாட்டில் வேலைத்தள எல்லை 1 பிபிஎம் ஆக இறங்க 1987 வரை போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல்தான் அதை 0.2 வரை இறக்கத் தீர்மானித்தது. அறிவு ஒரு பக்கம் நிற்க, சட்டம் எத்தனை தசாப்தம் பின்னால் நடந்து வருகிறது பாருங்கள்.

நோர்வேக்காரர் இந்த விசயத்தில் கெட்டிக்காரர். 1965 முதல் 1998 வரை கடல் எண்ணெய் மேடைகளில் வேலை செய்த ஏறத்தாழ 28,000 பேரை அந்த நாட்டுப் புற்றுநோய்ப் பதிவகம் 1998 இல் ஒரு பட்டியலில் எடுத்து, யார் எந்த வேலை செய்தார், எதற்கு முகம் கொடுத்தார் என்று எழுதி வைத்து, பிறகு அவர்களுக்கு என்ன நோய் வருகிறதென்று விடாமல் பார்த்துக்கொண்டு வருகிறது. 2015 இல் வந்த முடிவுகளில், சராசரி அளவு குறைவாக இருந்த இடங்களிலும் பென்சீன் வெளிப்பாட்டோடு சில இரத்தப் புற்றுநோய்கள் கூடுவது தெரிந்தது. அங்கே ஒரு தொழிலாளி 1980 இல் செய்த வேலைக்கும் 2005 இல் அவருக்கு வந்த நோய்க்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கயிறே இல்லை. வேலை ஒரு நாட்டில், நோய் இன்னொரு நாட்டில், இரண்டுக்கும் நடுவில் கடல்.

இனி ஆய்வுகூடக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும், இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பென்சீன் உடம்பில் தங்காது. அதன் மிச்சத்தைச் சிறுநீரில் தேடலாம், ஆனால் அந்த வேலை முடிகிற நேரத்திலேயே மாதிரி எடுக்க வேண்டும். ஓரிரு நாளில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே லீவில் கொழும்புக்கு வந்து, நாலு நாள் கலியாணவீடு கோயில் என்று திரிந்துவிட்டு, "பிள்ளை, அந்தப் பென்சீன் டெஸ்ட் எடுக்கேலுமோ" என்று கேட்டால் பிரயோசனமில்லை. மிஞ்சியிருப்பது அது விட்டுப்போன சுவடு மட்டும். அந்தச் சுவடு மிகச் சாதாரணமான, மலிவான ஒரு சோதனையில் தெரியக்கூடும்: எஃப்.பி.சி., முழு இரத்த எண்ணிக்கை. டெங்கு என்று சந்தேகம் வந்தால் இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் எடுக்கிறோமே, அதேதான்.

ஆனால் ஒரு ரிப்போர்ட் மட்டும் போதாது. வெண்குழியம் 4,000 இலிருந்து 11,000 வரை இருந்தால் எங்கள் தாளில் எந்தக் குறியும் விழாது, நோர்மல். இப்போது ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். வயலுக்குப் போகும்போது அவருக்கு 9,500. மூன்று வருசத்தில் 7,000. ஆறாம் வருசம் 4,600. மூன்று தாளையும் தனித்தனியாக மூன்று வைத்தியரிடம் காட்டினால் மூவரும் நோர்மல் என்பார்கள், அவர்கள் சொல்வதும் பிழையில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஏதோ இறங்கிக்கொண்டு போவது தெரியும். சீனாவில் தியன்ஜின் நகரச் சப்பாத்துத் தொழிற்சாலைகளில் 250 தொழிலாளரை ஆராய்ந்து 2004 இல் வெளியிட்ட ஆய்வில், 1 பிபிஎம்முக்குக் குறைவான பென்சீனைச் சுவாசித்தவர்களிலும் வெண்குழியமும் குருதிச் சிறுதட்டும் (பிளேட்லெட்) மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. குறைந்ததே தவிர எல்லாருக்கும் நோய் என்று பெயர் வைக்கிற அளவுக்குக் குறையவில்லை. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஆரம்பத் தாள் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டு மெடிக்கலில் இரத்தம் எடுக்கத்தான் செய்கிறார்கள். சித்தப்பாவின் பழைய ஃபைலை நான் கிண்டியபோது அகப்பட்டது 'ஃபிட்' என்ற முத்திரை விழுந்த தாள்கள்தான். எண் எதுவும் இல்லை.

அவர் 2009 இல் நிரந்தரமாக ஊருக்கு வந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கடை. 2016 வாக்கில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். வயது என்றோம். பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வருகிறது என்றார். பல் வைத்தியர் கிளீன் பண்ணிவிட்டார். பிறகு காலில் அங்குமிங்கும் நீலம் நீலமாகக் கண்டல். அப்போதுதான் என்னிடம் வந்தார். சிறுதட்டு ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் மெஷின் நாற்பதாயிரத்துச் சொச்சம் காட்டியது. டெங்குக் காலம், காய்ச்சல் இருந்ததா என்று கேட்டேன், இல்லை. தகட்டை இழுத்துச் சாயம் போட்டுப் பார்த்தேன். நியூட்ரோபில் என்கிற வெண்குழியத்தின் கரு மூன்று நாலு மடலாகப் பிரிந்து, உடல் முழுக்க நுண்மணிகள் தூவினாற்போல் இருக்க வேண்டும். அவருடையதில் மணிகளைக் காணோம், வெறும் வெளிறல். கருவோ இரண்டே மடலாக, நடுவில் மெல்லிய நூலோடு, மூக்குக் கண்ணாடி மாதிரி. செங்குழியங்கள் ஒன்று பெரிசு ஒன்று சின்னன். எங்கள் பிரிவில் இதைப் பார்த்தால் யாருக்கும் வாயால் சொல்லத் தேவையில்லை, மேசைக்கு மேசை ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பார்ப்போம். அன்று நான் யாரையும் கூப்பிடவில்லை.

மச்சைச் சோதனையில் மயலோடிஸ்பிளாசியா என்று வந்தது. மச்சை இரத்தம் செய்கிறது, ஆனால் ஒழுங்காகச் செய்யத் தெரியாமல் போய்விடுகிறது. ஒரு பகுதியினருக்கு அது கடும் லியூக்கேமியாவாக மாறும். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி, இரத்தம் ஏற்றுதல், சிறுதட்டுக்கு ஆள் தேடுதல் என்று இரண்டு வருசத்துக்கு மேல் போனது. இந்த இடத்தை நீட்ட விருப்பமில்லை.

நீட்ட விரும்புவது வேறொன்றை. அந்த முதல் மாதங்களில் அவர் பார்த்த வைத்தியர்கள் பலர். சாப்பாடு, நித்திரை, குடி, சிகரெட், குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா, எல்லாம் கேட்டார்கள். "என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களிடமும் அவர், "ஃபொரினில இருந்தன், இப்ப கடை" என்று சொல்லி முடித்துவிட்டார். இத்தாலியில் பெர்னார்டினோ ரமாஸினி என்ற வைத்தியர் 1700 இலேயே சொன்னார், நோயாளியிடம் கேட்கச் சொல்லிப் பழைய ஆசான்கள் வைத்த கேள்விகளோடு தொழில் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று. முன்னூறு வருசத்துக்கு மேலாகியும் நம் கிளினிக் அட்டைகளில் தொழில் என்ற கட்டத்துக்குள் 'ஓய்வு' என்றோ 'வியாபாரம்' என்றோ ஒற்றைச் சொல் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது. வைத்தியர்களைத் திட்டி என்ன செய்ய, வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிசு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சித்தப்பா சிகரெட் குடித்தவர். சிகரெட் புகையிலும் பென்சீன் இருக்கிறது. அவருக்கு வந்த நோய் ஓமான் தாங்கியால் வந்ததா, சிகரெட்டால் வந்ததா, சும்மா வயதோடு வந்ததா என்று எந்த மைக்ரோஸ்கோப்பும் சொல்லாது. தனி ஆளின் மச்சையில் காரணம் எழுதியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கானவரைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும், அதற்குத்தான் நோர்வே பட்டியல் வைக்கிறது. ஆளுக்கு ஆள் நிரூபிக்க முடியாது என்பதையே சாட்டாக வைத்துப் பட்டியலே எடுக்காமல் விடுவதுதான் எனக்குக் கோபம்.

வேறு எத்தனையோ இருக்கின்றன. கிணறு தோண்டும்போது சுற்றிவரும் சேற்றில் எண்ணெய் கலந்திருந்தால் கை தடித்துச் சொறியும், அதன் ஆவியை அதிர்சல்லடைக்குப் பக்கத்தில் நிற்பவர் நாள் முழுக்க இழுப்பார். பாறை பிளக்கப் பயன்படுத்தும் மணலின் தூள் நுரையீரலை இறுக்கும். இராப்பகலாக ஓடும் ஜெனரேட்டரின் டீசல் புகை 2012 முதல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் இருக்கிறது. பழைய குழாய்களின் உள்ளே படியும் காரையில் ரேடியம் இருப்பது பலருக்குத் தெரியாது. குழாயைச் சுரண்டித் துப்புரவாக்குவது யார் வேலை என்று நினைக்கிறீர்கள்?

கொழும்பிலிருந்து பார்த்தால் இதெல்லாம் தூரத்து விசயம் போலத் தோன்றும். தூரமில்லை. சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969 இலிருந்து ஓடுகிறது. கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, பவுசர்கள் வரிசை கட்டுகின்றன, இங்கேயும் யாரோ ஒருவர் படியேறி மூடி திறக்கத்தான் செய்கிறார். பெற்றோல் செட்டில் காலை முதல் இரவு வரை பம்பைப் பிடித்து நிற்கிற பிள்ளைகளும் பென்சீனைத்தான் சுவாசிக்கிறார்கள். ஈயம் கலந்த பெற்றோலை 2002 இல் நிறுத்தியதால் ஈயத்திலிருந்து மட்டும் தப்பினார்கள். சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தபோது சனம் தெருவுக்கு வந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் நட்டஈட்டுத் தீர்ப்பும் வந்தது. வாளியில் மிதந்ததால் எல்லோரும் கண்டார்கள். மச்சைக்குள் மிதப்பதை யார் காண்பது?

சட்டத்தைக் கேட்டால், நம் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 ஆம் ஆண்டினது, தொழிலால் வரும் நோய்களும் அதில் உண்டு. முதலாளி இந்த நாட்டில் இருந்தால் ஏதோ கேட்டுப் பார்க்கலாம். சித்தப்பாவின் முதலாளி ஒரு சப் கொன்ட்ராக்டர், அந்தப் பெயரில் இப்போது கம்பனியே இல்லை. விசாவில் அவர் தொழில் 'லேபர்' என்றுதான் இருந்தது. தாங்கி என்ற சொல் ஒரு தாளிலும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி போன வருசம் ஓமானுக்குப் போனான், வயல் வேலைதான். போக முதல் என்னிடம் கூட்டி வந்தார்கள். அவனுக்கு எஃப்.பி.சி. எடுத்து, வெண்குழிய வகைகளையும் கையால் எண்ணிப் பார்த்து, தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒன்றை அவன் அம்மாவிடமும் ஒன்றை அவனிடமும் கொடுத்தேன். ஒவ்வொரு லீவிலும் இதே மெஷினில்தான் எடுக்க வேண்டும் என்றேன், மெஷினுக்கு மெஷின் எண் கொஞ்சம் மாறும். விசாவில் என்ன போட்டிருந்தாலும் உண்மையில் என்ன வேலை, எந்தத் தளம், எந்த மாதம் என்று போனில் எழுதி வை என்றேன். டிரம்மில் ஒட்டியிருக்கிற லேபலைப் படமெடு. தலை சுற்றினால், வாந்தி வந்தால், திகதி போட்டு எழுது. நாடாவைக் கந்தலால் துடைக்கிற கையோடு சாப்பிடாதே, கையை டீசலால் கழுவாதே. சித்தப்பா கிறீஸ் போகட்டும் என்று டீசலால்தான் கழுவுவார்.

"அக்கா, இதையெல்லாம் எழுதினா வேலையை விட்டு அனுப்பிப் போடுவாங்களோ?"

"உன்ர போனில நீ எழுதுறதை ஆருக்குக் காட்டப் போறாய்?"

அவன் தாய்க்கு என் மேல் கொஞ்சம் மனவருத்தம்தான். நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளையிடம் நோய் நொடியைப் பேசுகிறேன் என்று. அவவின் இடத்தில் நின்றால் எனக்கும் அப்படித்தான் இருக்கும். கடன் தலைக்கு மேல் நிற்கிறது, அவன் போகத்தான் வேண்டும், போகாதே என்று நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கொலரில் மாட்டுகிற எச்டூஎஸ் கருவி. 'அக்கா இது சரியா வேலை செய்யுதா எண்டு எப்பிடித் தெரியும்?' பெரிதாக்கிப் பார்த்தால் ஒட்டியிருந்த சீட்டில் அளவு திருத்த வேண்டிய திகதி எப்போதோ கடந்துவிட்டது. வேலைக்கு முதல் கொஞ்சம் சோதனைக் கேஸ் ஊதிப் பார்க்க வேண்டும், கத்தினால்தான் நம்பலாம், சூப்பர்வைசரிடம் கேள் என்று எழுதினேன். கேட்டானாம். முதலில் முறைத்தாராம். அடுத்த கிழமை புதுக் கருவி வந்ததாம், மூன்று பேருக்கு ஒன்று. மார்கழியில் லீவு கிடைத்தால் வந்து இரத்தம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். டிக்கெட்டைக் கம்பனி போடுமா அவனே போட வேண்டுமா என்பதுதான் இப்போதைக்குப் பிரச்சினை.